ஒருவர் மட்டும்

அட்டைப்பெட்டியின் முதுகில் தெளிவாகத்தான் போட்டிருந்தது:
ஆடுபவர் எண்ணிக்கை, ஒன்று.
ஐந்து ரோட்டுக் கடையில் இம்தியாஸிடம்
இரண்டு தரம் கேட்டேன்.
"ஒருத்தர்தான் மேடம், நீங்க மட்டும்தான்."
அந்த 'மட்டும்'தான் ஆயிரத்து நானூறு ரூபாய்.

கொண்டை ஊசி இருபதும் ஏறி
நாகலூர் குவார்ட்டர்ஸில் வந்து பிரித்தால்
உள்ளே தட்டு இல்லை.
சீட்டு. சீட்டில் இருபத்தைந்து எழுத்து.
அடுத்த ஞாயிறு கம்ப்யூட்டர் பெட்டியைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துப் பஸ்ஸில் இறங்கி
கடையிலேயே இரண்டு இரவு கிடக்கவிட்டுக்
கடலை இறக்கிக்கொண்டு வந்தேன்.
திரை சொன்னது:
தனியாக ஆட
முதலில் எங்களோடு இணையுங்கள்.

இந்த எஸ்டேட் டிஸ்பென்சரியில் நான் நர்ஸ்.
விடிந்தால் கூட்டம்தான் என் வேலை.
அட்டைக்கடி, காய்ச்சல்,
மிளகு பறிக்க ஏறி விழுந்த கால்,
'கதவு இடிச்சிடுச்சுன்னு எழுதிக்குங்க' என்று
காதோரம் சொல்லும் தோள்பட்டை.
ஏழு மணிக்குப் பிறகு
பேச்சில்லாத ஒன்று வேண்டியிருந்தது.
விளையாட்டில் ஒரு படகு, அதில் ஒரு பெண்.
தீவு தீவாகப் போய் விளக்கு ஏற்ற வேண்டும்.
அவ்வளவுதான்.

பெயர் கேட்டது. பிரான்சிஸ்கா என்றேன்.
ஏற்கெனவே யாரோ எடுத்துவிட்டார்களாம்.
பிரான்சிஸ்கா 8841 ஆகலாமே என்றது.
ஆனேன்.
பதின்மூன்று வயது நிரம்பியவரா என்றது.
நாற்பத்தாறு.

சிக்னல் வீட்டுக்குள் வராது.
ஜன்னலுக்குப் பன்னிரண்டடி தள்ளி
தண்ணித்தொட்டிப் பக்கத்து சில்வர் ஓக் அடியில்,
அதுவும் ஆளுயரத்துக்கு மேலே, இரண்டு கோடு நிற்கும்.
பழைய சலைன் ஸ்டாண்டை அங்கே நிறுத்தி
ஃபோனைப் பாலிதீனில் சுற்றித் தொங்கவிட்டேன்.
பம்ப் ஆபரேட்டர் சடையப்பன்
பீடியை வாயிலிருந்து எடுத்தார்.
"யாருக்கு சிஸ்டர் ஏத்துறீங்க?"
"எனக்குத்தான்."

மூடுபனி இறங்கினால் ஒரு கோடு.
மழையில் அதுவும் இருக்காது.
அன்றைக்கெல்லாம்
கடல் முழுக்க என் மேசைக்கடியில் இருக்கும்,
சாவி மட்டும்
எந்த ஊரென்றே தெரியாத ஒரு கட்டடத்தில்.

பிறகொரு சூட்சுமம் பிடிபட்டது.
உள்ளே போனவள் வெளியே வராவிட்டால்
மறுபடி கேட்பதில்லை.
அணைக்கவேயில்லை. பதினொரு நாள்.
திரைமேல் துண்டைப் போட்டுவிட்டு
ஊசி போடப் போவேன்.
துண்டுக்கடியில் அலை அடித்துக்கொண்டிருக்கும்.

பதினோராம் இரவு கரண்ட் போனது.
யூபிஎஸ் கத்தத் தொடங்கிற்று. ஏழு நிமிஷம் தாங்கும்.
சுவருக்கு அந்தப் பக்கம் டிஸ்பென்சரியில் இன்வெர்ட்டர் உண்டு,
ஒரே ஒரு பிளக்,
தடுப்பூசி ஃப்ரிட்ஜுக்கு.
எக்ஸ்டென்ஷன் ஒயர் அதுவரை எட்டும்.
அதை எப்போது அளந்து வைத்தேன்?
கதவைத் திறக்காமலிருந்தால்
ஃப்ரிட்ஜ் இரண்டு மூன்று மணி நேரம் குளிரைப் பிடித்து வைத்திருக்கும் என்று
பயிற்சியில் சொன்ன ஆளின் மீசைகூட
நினைவுக்கு வந்தது.

உடனே முடிவெடுத்தேன் என்று சொல்ல ஆசை.
இல்லை.
ஒயரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.
இன்னும் விளக்கு ஏற்றாத தீவு
திரையில் கறுப்பாகத் தெரிந்தது.
அவள் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு
எனக்காகக் காத்திருந்தாள்.
யூபிஎஸ் நீளமாக ஒருமுறை கத்தி
ஓய்ந்தது.

டார்ச் அடித்துப் பதிவேட்டில் எழுதினேன்.
இரவு 2.40. மின்தடை. ஃப்ரிட்ஜ் 4 டிகிரி.
கீழே பிரான்சிஸ்கா என்று கையெழுத்து,
எண் எதுவும் சேர்க்காமல்.

வெளியே மழை பிடித்துவிட்டது.
ஸ்டாண்டை உள்ளே எடுத்து வைக்கவில்லை.